கலைச்செல்வி வராத திங்கட்கிழமை

செஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிப் போய்ச் சக்கரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் இறங்கி, சாலையோர வேலிகாத்தான் மரங்களின் அரைகுறை நிழலில் நின்றோம். சித்திரை வெயில். மலேசியாவிலும் வெயில் உண்டுதான். ஆனால் அங்கே மாலையில் ஒரு மழை வந்து அதைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே கழுவ ஆளில்லை.

கைப்பையிலிருந்து மகளின் படத்தை எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. சுங்கை பட்டாணியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் நின்ற நெல்லூர்க்கார அம்மாள் படத்தை எட்டிப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. நடத்துநர் மொழிபெயர்த்தார்.

"கொழந்தய உட்டுட்டு இவ்ளோ தூரம் வந்துகீறீங்களே, இன்னா வேண்டுதல்னு கேக்கறாங்க."

"வேண்டுதல் இல்லைங்க. ஒரு பயிற்சிக்கு வந்தேன்."

"இன்னா பயிற்சி?"

"தலைமைப் பயிற்சி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எலெக்ஷன்ல நிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாளுக்கும் தெலுங்கில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அவர்களிடம் எப்படி விளக்குவது? எங்கள் ஊரில், ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காக ஒரு சமூக நல அமைப்பு இருக்கிறது. நான் அதில் முழுநேர ஊழியர். எங்கள் தலைவருக்கு வயதாகிவிட்டது. அடுத்து நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், தமிழ்நாட்டில் நல்ல பயிற்சி தருகிறார்கள், போய் வா என்றார். பெரியவர்கள் சொன்னால் நான் உடனே சரி என்று சொல்லிவிடுவேன். சொன்ன பிறகுதான் யோசிப்பேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்தும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சக்கரம் மாற்றி, திருவண்ணாமலை வந்து சேரும்போது கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள்.

பயிற்சி நிலையம் ஊருக்கு வெளியே ஒரு வாடகைக் கட்டடம். மாடியில் நின்றால் மலை தெரியும். படம் பிடிப்பவர்களுக்கு அது அழகான மலையாக இருக்கலாம். எனக்கு அந்த மூன்று வாரமும் அது யாரோ பேசாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

முதல் நாள் காலையில் பொங்கலும் சாம்பாரும் வந்தன. எங்கள் ஊரில் பசியாற ரொட்டி சானாய், இல்லையென்றால் சம்பலோடு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. இங்கே நெய்ப் பொங்கலைத் தின்றுவிட்டுக் காலை வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு பயிற்சியாக இருந்தது. நான் கொட்டாவியை மறைக்கப் படும் பாட்டைப் பார்த்து, பக்கத்துப் பாயிலிருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு உங்களுக்கு நான் இட்லி எடுத்துனு வர்றேங்க்கா. பொங்கல் தின்னா நீங்க தலைவியாவ மாட்டீங்க, தூங்குமூஞ்சியாத்தான் ஆவீங்க."

அவள்தான் கலைச்செல்வி. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு வயதில் ஒரு பையன். பயிற்சியை நடத்தும், கிராமப் பெண்களுக்கான தொண்டு நிறுவனத்திலேயே களப்பணியாளராக இருந்துகொண்டு, அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தாள். மற்றவர்கள் நிலையத்திலேயே தங்கினோம். அவள் மட்டும் தினமும் காலையில் பேருந்தில் வந்து, ஐந்து மணிப் பேருந்தில் திரும்பிவிடுவாள். வீட்டில் விளக்கு வைப்பதற்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பது, வேலைக்குச் சேரும்போது கணவர் சேகர் அவளிடம் வாங்கிக்கொண்ட வாக்கு.

மறுநாள் சொன்னபடி இட்லி வந்தது. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. இவ்வளவு காரமாக, இவ்வளவு கெட்டியாக நான் கடலைச் சட்னி தின்றதில்லை. அதற்குப் பிறகு தினமும் அவளுடைய தூக்குப் போசிக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். அவளுடைய மாமியாருக்கு நான் வேலை வைக்கிறேனோ என்று கேட்டேன். "அட, கடலதானே, வூடு முழுக்கக் கெடக்குது" என்றாள்.

எங்கள் பயிற்சியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. கடைசி நாளில் கீழ்பென்னாத்தூர்ப் பகுதிக்குப் பொறுப்பாளர் யார் என்று அறிவிப்பார்கள். அதுவரை அந்த வேலைக்குச் சென்னையிலிருந்து பட்டம் வாங்கியவர்கள் வருவார்கள். ஒரு வருடம் இருப்பார்கள். அனுபவம் சேர்ந்ததும் வேறு நல்ல வேலைக்குப் போய்விடுவார்கள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். இதை மாற்ற வேண்டும் என்று இயக்குநர் அம்மாள் தீர்மானித்திருந்தார். "இங்கியே பொழைக்கறவ ஒருத்தி பொறுப்பாளர் ஆவணும். அவளை மேல படிக்க வைக்கறதும் நம்ம செலவு" என்று முதல் நாளே வகுப்பில் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் ஊர்களைப் பார்க்க எங்களை அனுப்பினார்கள். அவளோடு நான் போனேன். ஒரு களத்தில் பெண்கள் பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் பையிலிருந்து கேள்விகளை எடுப்பதற்குள் இவள் நடுவில் உட்கார்ந்து ஆயத் தொடங்கிவிட்டாள்.

"இன்னாடி கல, இன்னிக்கு கூலியாளு கம்மினு உன்ன அனுப்பிட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. கூடவே மலேசியாலேர்ந்து ஒரு ஆள கூட்டினு வந்துகீறேன். நல்லா ஆயறாங்களான்னு பாத்துட்டு கூலி குடு."

நான் நன்றாக ஆயவில்லை. செடியையே கிள்ளிப் போட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், யார் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள், யாருக்கு வயிற்றில் கட்டி, யார் வீட்டில் இரவில் அடி விழுகிறது என்பதெல்லாம் கேட்காமலே வந்து விழுந்தன. திரும்பும்போது பேருந்தில், "பொறுப்பாளர் ஆனா ஒரு வண்டி குடுப்பாங்கக்கா. இந்த பஸ்ஸ நம்பினு இருக்க வேண்டாம்" என்றாள். பிறகு தன்னையே கிண்டல் செய்வது போல, "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அது வேற விஷயம்" என்று சிரித்தாள்.

அன்று மாலை தொலைபேசிக் கடைக்குப் போய் வீட்டுக்குப் பேசினேன். மகளைக் கூப்பிட்டார்கள். அவள் பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தூரத்தில் என் நாத்தனாரை 'அம்மா' என்று கூப்பிடும் குரல் கேட்டது. "சும்மா விளையாட்டுக்குக் கூப்பிடுறா" என்று கணவர் சொன்னார். அவர் நல்லவர். அதனால்தான் அவர் சொன்னதை நம்ப முடியவில்லை. கடைக்குப் பக்கத்திலேயே ஒருவர் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். வாங்கினேன். தின்னாமலே கையில் வைத்திருந்து, அறைக்கு வந்து காகிதத்தோடு போட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரத்தில் 'முதுகுப் பயிற்சி' தொடங்கியது. பெயர் நாங்கள் வைத்தது. இயக்குநர் எங்கோ ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டு வந்தது. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருவர் கூடத்தின் நடுவில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மற்றவர்கள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, அவரைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர் திரும்பக் கூடாது, பதில் பேசக் கூடாது. தலைவராக வேண்டியவர் தன்னைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்கப் பழக வேண்டும் என்பது இதன் நோக்கம்.

என் முறை வந்தது. "மலேசியா அக்கா எதையும் ரெண்டு தடவ கேக்கறாங்க." "சாரி ஜாஸ்தி சொல்றாங்க. கதவுல இடிச்சிக்கினா கதவுக்கே சாரி சொல்றாங்க." "போட்டோவ எடுத்து எடுத்துப் பாக்கறாங்க. உடம்பு இங்க கீது, மனசு அங்க கீது." சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சுவரில் இருந்த ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் கலைச்செல்வி உட்கார்ந்தாள். எல்லோரும் நல்லதாகவே சொன்னார்கள். அப்போது பிரபு எழுந்தான். பட்டம் முடித்துவிட்டு அந்த வருடம்தான் சேர்ந்த இளைஞன். சேகருக்குச் சித்தப்பா மகன். அவளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவான்.

"எங்க அண்ணிய பத்தி உங்க யாருக்கும் தெரியாதது ஒண்ணு சொல்றேன்" என்று தொடங்கினான். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அஞ்சலைனு ஒருத்திய அவ புருஷன் அடிச்சி மண்டைய ஒடச்சிட்டான். அண்ணி அவள கூட்டினு ஸ்டேஷனுக்குப் போனாங்க. போலீஸ்காரங்க புகார எழுதி வாங்க மாட்டேன்னுட்டாங்க. அண்ணி அங்கியே உக்காந்துட்டாங்க. இருட்டினப்புறமும் எழுந்துக்கல. கடசில எழுதி வாங்கித்தான் அனுப்புனாங்க. எனக்கே ஆபீஸ்ல சொல்லித்தான் தெரியும். இந்த தைரியம் நம்ம யாருக்கு வரும்?"

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். இயக்குநர் அம்மாளும் தட்டினார். அந்தச் சத்தத்தின் நடுவே நான் கலைச்செல்வியின் முதுகைப் பார்த்தேன். விதி மீறாமல் அவள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். ஆனால் தோள்கள் இரண்டும் மெல்ல மேலே ஏறி, குளிரில் உட்கார்ந்திருப்பவளைப் போல ஆகிவிட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்றாள். "அன்னிக்கு பஸ்ஸு கெட்டுப் போச்சுன்னு வூட்ல சொல்லிகீறேங்க்கா" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "பிரபு கிட்ட சொல்லணும். வெளிய சொல்லாதன்னு." ஆனால் பிரபு அன்று மதியமே ஏதோ வேலையாகக் கிளம்பிவிட்டிருந்தான். மாலையில் ஐந்து மணிப் பேருந்துக்கு அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிரபு வந்தான், அழுது முகம் வீங்கியிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவனிடம் போய்க் கேட்டேன்.

"பெருமையாத்தாங்க்கா சொன்னேன்" என்றான். "அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் வூட்டுக்குப் போனேன். பெரியம்மா காபி குடுத்தாங்க. அண்ணிக்கு கைதட்டுனாங்க, அண்ணி பேருதான் அங்க பேச்சுன்னு சொன்னேன். எதுக்குனு கேட்டாங்க. சொல்லிட்டேன். அண்ணி அப்பதான் பஸ்ஸ உட்டு எறங்கி உள்ள வந்தாங்க." படியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "அவங்களுக்குத் தெரியும்னுதானே நெனச்சேன். பொண்டாட்டி போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்தது புருஷனுக்குத் தெரியாம இருக்கும்னு நான் எங்க கண்டேன்?"

இப்படி ஒரு தவறை வேறு யார் செய்வார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். ஒருவரைப் பற்றி உண்மையைச் சத்தமாகச் சொன்னால் அவருக்கு நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்கள் எங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்கள்தான். வெளியூரில் நடக்கும் பட்டறைக்குப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள், கலைந்து போய்விடுவார்கள். இங்கே கூடத்தில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். அவர்கள் எங்கே கலைந்து போவது?

இயக்குநரிடம் போனேன். யாராவது போய்ப் பேச வேண்டாமா என்று, வழக்கம் போல, இரண்டு தடவை கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்தார்.

"நேத்தே போயிட்டு வந்துட்டேம்மா. வாசல்லியே உக்கார வச்சி, மோர் குடுத்து, மரியாதையா அனுப்பிட்டாங்க. அதுக்கு மேல நான் சண்டை போட முடியாது. அந்த குடும்பத்தோட பகைச்சிக்கினா சுத்துப்பட்ட நாலு ஊர்லயும் எந்த வூட்டுப் பொண்ணையும் நம்ம கூட்டத்துக்கு அனுப்ப மாட்டாங்க. ஒருத்திக்காக அத்தினி பேரையும் உட முடியுமா?"

அவர் சொன்னது சரியா தவறா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவருடைய நாற்காலியில்தான் ஒருநாள் நான் உட்கார வேண்டும் என்று என்னை அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்தது. சால்வை போட்டார்கள், இனிப்பு கொடுத்தார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பகுதிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வரப்போவதாக இயக்குநர் சொன்னார். நன்றாகப் படித்தவர், அடுத்த மாதம் சேருவார் என்றார். யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டிய இடம் அது என்று தெரிந்ததும், கொஞ்சம் தாமதமாக, தட்டினோம்.

எனக்குத் திங்கட்கிழமை மாலைதான் சென்னைக்குப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வியைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். அன்று சித்ரா பௌர்ணமி என்பதை மறந்துவிட்டேன். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்காகப் பேருந்துகளையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் ஊருக்குள் வந்துகொண்டிருக்க, நான் மட்டும் எதிர்த்திசையில் நடந்தேன். "அம்மா, மலை அந்தாண்ட கீது" என்று ஒரு பூக்காரி வழி சொன்னாள். தற்காலிக நிறுத்தத்தில் கீழ்பென்னாத்தூர் போகும் வேனில், கோயிலுக்குப் போய்த் திரும்பும் குடும்பம் ஒன்றின் நடுவில் ஒட்டிக்கொண்டேன். மடியில் ஒரு குழந்தையை உட்கார வைத்தார்கள், இடமில்லை என்று. அது என் தோளில் தூங்கிப்போனது. இறங்கும்போது திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை.

வீட்டு முற்றம் முழுக்கக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. கலைச்செல்வியின் மாமியார் காலால் அதைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். சேகர் கடலை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர். ஒல்லியாக, கூச்ச சுபாவத்தோடு இருந்தார். ஒரு முரட்டு மனிதரை எதிர்பார்த்துப் போன எனக்கு அது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

கலைச்செல்வி காபி கொண்டு வந்தாள். குனிந்து கொடுக்கும்போது, "ஒண்ணும் பேசாதீங்கக்கா. பேசுனா இன்னும் இறுகிடும்" என்றாள்.

சேகரே பேசினார். "அவ போனது கூட தப்பில்லீங்க. அடிபட்டவளுக்குத்தானே போனா. எங்கிட்ட பஸ்ஸு கெட்டுப் போச்சுன்னா. நானும் நம்பி, பாவம் அலஞ்சிட்டு வந்தாளேன்னு அன்னிக்கு நாந்தான் சோறு போட்டேன். ஊருக்கே தெரிஞ்ச விஷயம், ஒரு கூடமே கைதட்டுன விஷயம், எனக்கு மட்டும் என் தம்பி வந்து சொல்லணுமா?"

"சொல்லிருந்தா போக விட்டிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

மாமியார் வெளியிலிருந்தே சொன்னார்: "இனிமே புள்ளைய நான் பாத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டம்மா. அவ புள்ளைய அவளே பாக்கட்டும். நீ கூட ஒரு புள்ளைய உட்டுட்டுத்தான் வந்துகீறியாமே? யாரு பாத்துக்கறாங்க?"

"என் மாமியார்."

"ம்" என்றார். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த நேரத்தில் வேலிப்படலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. யாரும் சொல்லாமலே அஞ்சலை என்று தெரிந்தது. அவளுக்கும் இந்த வீட்டில் நடந்தது தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வரவில்லை.

"கல, நாளைக்கு திங்கக்கெழம" என்றாள். "அந்தாளு ரேஷன் கார்ட எடுத்துனு பெங்களூரு பூட்டான். மனு குடுக்கலாம்னு சொல்லிகினு இருந்தியே."

திங்கட்கிழமைகளில், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கலைச்செல்வி ஒரு திங்கட்கிழமை கூடத் தவறியதில்லையாம். இதை அன்றுதான் அறிந்தேன். முதல் இரண்டு வாரமும், வகுப்புக்கு முன்பே அங்கே போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள்.

கலைச்செல்வி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கடலையைத் துழாவிக்கொண்டிருந்தார். சேகர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"நான் இப்ப அதுக்கெல்லாம் வர்றதில்ல, அஞ்சல" என்றாள் கலைச்செல்வி. குரல் சாதாரணமாக இருந்தது. "டவுன்ல எறங்கி, வேலூர் பஸ்ஸுல ஏறி வேங்கிக்கால்ல எறங்கு. உள்ள போனா வலது பக்கம் எழுதிக் குடுக்கறவங்க உக்காந்துனு இருப்பாங்க. புருஷன் உட்டுட்டுப் பூட்டான்னு முதல்ல சொல்லிடு. அழுவாத. அழுதா அடுத்த ஆள கூப்புட்ருவாங்க. சத்தமா பேசு."

அஞ்சலை தலையாட்டினாள். அவள் கண்ணைப் பார்த்தால் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். கலைச்செல்வியும் பார்த்தாள்.

"நான் கூடப் போறேன்" என்றேன். அந்த அலுவலகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

கிளம்பும்போது கலைச்செல்வி முற்றத்து ஓரம் வரை வந்தாள். தழுவிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த ஒரு கடலைத் தோலை எடுத்துப் போட்டாள். "மரத்தடில பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். எந்த மரம், எதற்கு என்று கேட்பதற்குள் பையன் உள்ளிருந்து கூப்பிட்டான். போய்விட்டாள்.

மறுநாள் காலை வேங்கிக்கால் நிறுத்தத்தில் அஞ்சலை எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். பௌர்ணமி முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தில் பேருந்துகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அவள் முதல் பேருந்துக்கே வந்துவிட்டாளாம். நான் பயந்த அளவுக்கு எதுவும் ஆகவில்லை. எழுதிக் கொடுப்பவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். அஞ்சலை அழவில்லை. வரிசை நகர்ந்தது. மனுவை வாங்கியவர், எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கீழ்பென்னாத்தூர் பக்கமா? கலைச்செல்விம்மா வரலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை பதில் சொன்னாள், சத்தமாக. "அவங்கள வூட்ல உட மாட்டேன்றாங்க சார்."

"அடடா" என்றார் அவர். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். முத்திரை குத்தித் துண்டுச் சீட்டைக் கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர் முன்னே வந்தார்.

வெளியே வந்ததும் அஞ்சலை, "அதோ, எங்காளுங்க" என்றாள். வளாகத்தின் ஓரத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையில் மருத்துவமனைச் சீட்டு. ஒருத்தியோடு, கோடை விடுமுறையிலும் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. வெவ்வேறு ஊர்க்காரர்கள். யாரும் வரிசைக்குப் போகவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கல வந்துச்சா?" என்று ஒரு வயதான பெண் கேட்டாள். "போன வாரமும் வெயில் ஏற வரிக்கும் பாத்துட்டுப் போனோம்."

அஞ்சலை விஷயத்தைச் சொன்னாள். ஒருத்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி சேகரைத் திட்டினாள்; இன்னொருத்தி, "அவன இன்னாடி சொல்ற, உன் ஊட்டுக்காரன் உட்ருவானா?" என்று கேட்டு அவளை அடக்கினாள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது. என் கைப்பை, என் செருப்பு, என் புடவை எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

"நீங்கதான் புது மேடமா?" என்றாள் பள்ளிச் சீருடைப் பெண்ணின் தாய்.

"இல்லம்மா. நான் வெளிநாடு. எனக்கு இங்க ஒண்ணும் தெரியாது. இன்னிக்குச் சாயங்காலம் ஊருக்குப் போறேன்."

அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சாயங்காலந்தானே?" என்றாள். நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டாள். நான் உட்காரும் வரை காத்திருந்துவிட்டு, மகளின் கையைப் பிடித்து என் முன்னால் இழுத்து நிறுத்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.